ஓடினார், பாடினார், கடவுளும் ஆனார்

கி.மு. 2088 வாக்கில், இன்றைய தெற்கு இராக்கில், ஒரு ராஜா ஓடினார். யாரும் துரத்தவில்லை. எதிரிப் படை வரவில்லை, கடன்காரன் வரவில்லை. நிப்பூர் என்ற கோயில் நகரத்தில் திருவிழா. தலைநகரமான உர் நகரிலும் அதே நாளில் அதே திருவிழா. இரண்டிலும் தானே போய் நின்று கும்பிட்டால் என்ன என்று மாமன்னர் ஷுல்கிக்குத் தோன்றிவிட்டது. நமக்கு இப்படியெல்லாம் தோன்றினால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். ராஜாக்களுக்கு அந்த வசதி கிடையாது. தோன்றியதைச் செய்தே ஆகவேண்டும். குறைந்தபட்சம், செய்ததாக எழுதியாவது வைக்கவேண்டும்.

நிப்பூரிலிருந்து உர் நகருக்குச் சுமேரியக் கணக்கில் பதினைந்து தன்னா. ஒரு தன்னா ஏறக்குறைய 10.8 கிலோமீட்டர். போக 162, வர 162, ஆக மொத்தம் 324. போனார். உர் நகரில் மாடும் ஆடும் பலி கொடுத்தார். முரசு கொட்டினார்கள். குளித்தார், சாப்பிட்டார், வந்த வழியே திரும்பினார். திரும்பும்போது புயல். இடி, மின்னல், முதுகில் சடசடவென்று ஆலங்கட்டி. மன்னர் அசரவில்லை. நிப்பூர் போய்ச் சேர்ந்து அங்கேயும் திருவிழாவை முடித்துவிட்டு, சூரிய தேவன் உத்துவோடு உட்கார்ந்து பீர் குடித்தார். சூரியனே பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறான் என்றால் பொழுது சாய்ந்துவிட்டது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இத்தனையும் பார்த்துச் சொன்ன சாட்சி யார்? ஷுல்கிதான். ‘நான்’ என்று தொடங்கி ‘நான்’ என்றே நடக்கும் ஒரு நீண்ட துதிப் பாடலில், தன் வாயாலேயே சொல்கிறார். எதற்காக ஓடினேன் என்பதையும் மறைக்கவில்லை: பிற்காலத்தில் என் பெயர் நிலைக்கவேண்டும், எல்லார் வாயிலும் என் புகழ் இருக்கவேண்டும். இந்த ஒளிவுமறைவின்மைக்காகவே அவரைப் பிடித்துப்போகிறது.

ஆராய்ச்சியாளர்கள் இது நடக்கக்கூடியதா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியாக ஒரு தகவல். 2022 செப்டம்பரில் இத்தாலியின் வெரோனா நகரில் லிதுவேனியாக்காரர் அலெக்சாந்தர் சொரோகின் 24 மணி நேரம் ஓடி 319.614 கிலோமீட்டர் கடந்து உலக சாதனை படைத்தார். நாலாயிரம் வருஷத்து உடற்பயிற்சி விஞ்ஞானம், விசேஷக் காலணி, வழிநெடுக ஊட்டிவிட ஆட்கள் எல்லாம் இருந்தும் மாமன்னரைவிட ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் குறைவு. தவிர, சொரோகின் நடுவில் நிறுத்தி மாடு வெட்டவில்லை.

சரி, யார் இந்த ஷுல்கி? அப்பா உர்-நம்மு, உர் நகரின் மூன்றாம் அரச வம்சத்தைத் தொடங்கியவர். சட்டத் தொகுப்பு போட்டவர். கண்ணைக் கெடுத்தால் இவ்வளவு வெள்ளி, காலை வெட்டினால் இவ்வளவு வெள்ளி என்று விலைப்பட்டியல் எழுதிய முன்னோடி. போர்க்களத்தில் இறந்துபோனார். அவர் பாதாள லோகத்துக்குப் போனதைப் பற்றி ஒரு இரங்கல் பாடல் இருக்கிறது. அதில் அவர் வெறுங்கையோடு போகவில்லை. அங்குள்ள ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித்தனியாகப் பரிசுப் பொருள் எடுத்துக்கொண்டு போகிறார். நிர்வாகம் தெரிந்த மனிதர், எந்த ஆபீஸுக்குப் போனாலும் நடைமுறை ஒன்றுதான் என்று புரிந்துவைத்திருந்தார். உர் நகரின் பிரமாண்டமான படிக்கட்டுக் கோபுரத்தையும் அவர்தான் தொடங்கினார், முடிக்கவில்லை. மகன் முடித்தார். பதினைந்து நூற்றாண்டு கழித்து அதைப் பழுதுபார்த்த பாபிலோன் அரசன் நபோனிதஸ், ‘அப்பன் முடிக்காததை மகன் முடித்தான்’ என்ற விவரத்தைத் தன் கல்வெட்டில் தேடிப்பிடித்து எழுதிவைத்தான். அப்பாக்களைக் குத்திக்காட்ட யாராவது எங்கிருந்தாவது வந்துவிடுகிறார்கள்.

கி.மு. 2094-ல் பட்டத்துக்கு வந்த ஷுல்கி 48 வருஷம் ஆண்டார். பாடல்களில் அவருடைய குடும்பப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். அம்மா, நின்சுன் என்ற பெண் தெய்வம். அப்பா, காவிய நாயகன் லுகல்பந்தா. அண்ணன், சாட்சாத் கில்காமேஷ். அடுத்த சகோதரன் மேலே பீர் குடித்த சூரியன். போரில் செத்த உர்-நம்முவுக்கு இந்தக் குடும்ப அட்டையில் இடம் சற்று நெருக்கடிதான்.

மாமன்னருடைய பயோடேட்டா நீளமானது. பள்ளிக்கூடத்தில் தன்னைப்போல் களிமண்ணில் எழுத யாராலும் முடியவில்லை. கூட்டல், கழித்தல், கணக்கு வழக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். வழக்குகளில் ஐந்து மொழிகளில் பதில் சொல்வார். எந்த இசைக் கருவியைக் கொடுத்தாலும் வாசிப்பார். பழைய கீஷ் அரசன் ஒருவன் பெயரால் வழங்கிய, யாருக்கும் பிடிபடாத கருவி கையில் கிடைத்தபோதும் அதன் சூட்சுமம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சிங்கத்தை வலை போட்டு, மறைந்திருந்து பிடிப்பதெல்லாம் சாதாரண ராஜாக்கள் வேலை. இவர் நேருக்கு நேர். ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வது அந்தக் காலத்தில் பெரிய சாஸ்திரம், வருஷக்கணக்கில் படிக்கவேண்டும். ஷுல்கி தானே ஈரலைப் பார்த்துக் குறி சொல்லுவாராம். பக்கத்தில் நிற்கும் அரண்மனைக் குறிகாரர் மடையனைப்போல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்தக் குறிகாரர் சம்பளத்துக்கு என்னவெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இத்தனையும் சொல்லி முடித்தபின், இன்னொரு பாடலில் ஒரு உறுதிமொழியும் தருகிறார்: என் பாடல்களில் ஒரு பொய்யும் இல்லை, மிகைப்படுத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டவரும் அவரே, சான்றளித்தவரும் அவரே.

இதைப் படித்து அவரை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓடுவதற்கு முந்தைய வருஷம் அவர் செய்த காரியம், நிப்பூர் சாலையைச் சீர்படுத்தியது. வழியில் சத்திரங்கள் கட்டினார், தோட்டம் போட்டார், பொறுப்பான ஆட்களைக் குடியமர்த்தினார். இரவில் வருகிற வழிப்போக்கன் சொந்த ஊரில் இருப்பதுபோல் பயமில்லாமல் தங்கலாம் என்று ஏற்பாடு. அதன் பிறகுதான் ஓட்டம். எந்த ராஜாவும் புது ரோட்டைத் திறந்துவைக்க நாடா வெட்டுவார். இவர் 324 கிலோமீட்டர் ஓடிக் காட்டினார். காரியத்துக்கு ரோடு, விளம்பரத்துக்கு ஓட்டம். அந்த ஓட்டம் பொய்யாகவே இருந்தாலும் ரோடு பொய்யில்லை.

விளம்பரத்தில்தான் மனிதருடைய மேதைமை. கல்லில் செதுக்கி மலை உச்சியில் வைத்தால் ஆடு மேய்ப்பவன் மட்டுமே பார்ப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சுமேரியர்கள் வருஷத்துக்கு எண் போட்டு எண்ணுவதில்லை, பெயர் வைப்பார்கள். இன்ன கோயில் கட்டிய வருஷம், இன்ன பூசாரியை நியமித்த வருஷம் என்று. அந்தப் பெயரை முடிவு செய்வது அரண்மனை. ஷுல்கியின் ஏழாவது வருஷத்தின் அதிகாரபூர்வப் பெயர், ‘மன்னர் ஒரே நாளில் போய்த் திரும்பிய வருஷம்’. நாட்டில் எவன் பார்லி கடன் வாங்கினாலும், வயலைக் குத்தகைக்கு விட்டாலும், பத்திரத்தின் அடியில் தேதியாக இதைத்தான் எழுதவேண்டும். கடன் வாங்கும் துக்கத்தில் இருக்கிறவனையும் ‘ராஜா ஓடினார்’ என்று எழுதவைத்த பிரசாரம் அது.

எழுதுவதற்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. உலகத்தின் முதல் முழுநீளக் குமாஸ்தா சாம்ராஜ்யம் இது. அந்தக் காலக் கணக்குக் களிமண் தகடுகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. படித்து முடித்தவர் யாரும் இல்லை, பாதி படித்தவர்களுக்குக் கண்ணாடி மாற்றவேண்டியிருக்கிறது. வேலையாளுக்கு மாதம் அறுபது சிலா பார்லி, பெண்ணாக இருந்தால் முப்பது. சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். அரசாங்கத் தூதன் வழியில் ஓர் இடத்தில் தங்கினால் இவ்வளவு பீர், இவ்வளவு ரொட்டி, இவ்வளவு வெங்காயம், கொஞ்சம் எண்ணெய். கொடுத்ததற்கு உடனே ரசீது. உம்மா மாகாணத்து மேஸ்திரிக்கு வருஷாவருஷம் இத்தனை ஆள்நாள் வேலை என்று எழுதிவைப்பார்கள். குறைந்தால் பாக்கி. அந்தப் பாக்கி அடுத்த வருஷக் கணக்கில் முதல் வரியாக வந்து உட்காரும். மேஸ்திரி செத்தாலும் கணக்கு சாகாது. வீட்டையும் ஆட்களையும் பிடித்துக்கொள்வார்கள்.

39-வது வருஷத்தில் நிப்பூருக்குப் பக்கத்தில் புஸ்ரிஷ்-தகன் என்று ஒரு கால்நடைக் கேந்திரம் கட்டினார். நாடெங்கும் இருந்து ஆடு, மாடு, மான், சில சமயம் கரடியும் வந்து இறங்கும். கோயில் பலிக்கு இவ்வளவு, படைவீரர் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வித்தை காட்டுகிறவர்களுக்குக் கரடிக் குட்டி என்று பிரித்து அனுப்புவார்கள். வழியில் செத்துப்போன ஆட்டுக்கும் தனிக் கணக்கு. அது சமையல்கட்டுக்குப் போகும். இதைக் கட்டிய பெருமையில் அந்த வருஷத்துக்கே புஸ்ரிஷ்-தகன் பெயரை வைத்தார்கள். அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது. ‘புஸ்ரிஷ்-தகன் கட்டியதற்கு அடுத்த வருஷம்’ என்று பெயர். அதற்கும் அடுத்த வருஷம்? ‘புஸ்ரிஷ்-தகன் கட்டியதற்கு அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்.’ கேலி இல்லை, அதிகாரபூர்வப் பெயரே அதுதான்.

ஆட்சியின் இருபதாவது வருஷம் வாக்கில், இத்தனை பெருமையையும் வெறும் மனிதனாக இருந்து தாங்க முடியாது என்ற முடிவுக்கு மன்னர் வந்தார். கடவுளாகிவிட்டார். சிக்கல் ஒன்றுமில்லை. சுமேரிய எழுத்தில் தெய்வத்தின் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போன்ற ஒரு குறி போடுவார்கள். அந்த நட்சத்திரத்தைத் தன் பெயருக்கு முன்னாலும் போடச் சொல்லிவிட்டார். அக்காத் அரசன் நராம்-சின் ஏற்கெனவே செய்து காட்டிய வழி. கோயில் வந்தது, பலி வந்தது, ஒரு மாதத்துக்கே ‘ஷுல்கி திருவிழா’ என்று பெயர் வந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளைகளுக்கு ‘ஷுல்கியே என் தெய்வம்’ என்று பெயர் வைத்தார்கள். ராணிகளில் ஒருவர் பெயர் ஷுல்கி-சிம்தி, ‘ஷுல்கியே என் அணிகலன்’. வீட்டுக்குள் அந்த அம்மாள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது எந்தத் தகட்டிலும் இல்லை.

அதே சமயத்தில் உர் நகரத்து இளைஞர்களை ஈட்டி வீரர்களாகச் சேர்க்கும் வேலையும் நடந்தது. அதுவும் ஒரு வருஷத்தின் பெயர். கடவுளுக்கும் படை வேண்டியிருக்கிறது.

வெளியுறவுக் கொள்கை சுலபமானது: பெண்ணைக் கொடு, சரிப்படாவிட்டால் அடி. ஒரு மகளை மர்ஹாஷி நாட்டுக்கு ராணியாக அனுப்பினார். 30-வது வருஷத்தில் இன்னொரு மகளை அன்ஷான் நாட்டு அதிபதிக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த வருஷத்துக்குக் கல்யாண வருஷம் என்று பெயர். 34-வது வருஷத்தின் பெயர், ‘அன்ஷான் அழிக்கப்பட்ட வருஷம்’. நாலே வருஷம். மாப்பிள்ளை எதில் முறைத்துக்கொண்டார் என்று பதிவில்லை. சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் வரலாம்தான். அதற்காக ஊரையே இடிப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனால் அன்ஷான் ஒரு தடவையோடு தப்பித்தது. வடகிழக்கே, இன்றைய குர்திஸ்தான் மலைப் பக்கத்தில், சிமுர்ரும் என்று ஒரு ஊர் இருந்தது. 25-வது வருஷம்: சிமுர்ரும் அழிக்கப்பட்டது. 26-வது வருஷம்: சிமுர்ரும் இரண்டாம் முறை அழிக்கப்பட்டது. 32-வது வருஷம்: மூன்றாம் முறை. பக்கத்து ஊர் கரஹரும் தன் பங்குக்கு மூன்று முறை அழிந்துவிட்டு வந்தது. 44-வது வருஷம்: சிமுர்ரும், லுல்லுபும் ஒன்பதாம் முறை அழிக்கப்பட்டன. மறு வருஷம் மறுபடியும் ஒரு பட்டியல், அதிலும் சிமுர்ரும். இந்த ஊரை அழித்த செய்தியைத் தேதியாக எழுதி எழுதியே குமாஸ்தாக்களுக்குக் கை மரத்திருக்கும். ஒரு ஊர் ஒருமுறை அழிந்தால் அழிந்தவனுக்கு அவமானம். ஒன்பதுமுறை அழிந்தால் அவமானம் யாருக்கு என்று அரண்மனையில் ஒருவருக்கும் கேட்கத் துணிவில்லை. நடுவில் 37-வது வருஷத்தில் எல்லையில் ஒரு மதில் கட்டிய செய்தி வருகிறது. ஓயாமல் ஜெயிக்கிற ராஜாவுக்கு மதில் எதற்கு?

எல்லையில் உண்மையில் என்ன நிலவரம் என்று தெரிந்துகொள்ள ஒரு கடிதம் உதவும். பிற்காலப் பள்ளிப் பிரதிகளாகக் கிடைத்திருக்கிறது. அசலா, பாடத்துக்காகப் புனைந்ததா என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். புனைந்ததாகவே இருந்தாலும் ஆபீஸ் தெரிந்தவன் புனைந்தது. தலைமை அமைச்சர் அரத்-மு மன்னருக்கு எழுதும் புகார். எல்லைத் தளபதி அபில்லாஷாவைப் பார்க்கப் போனேன், வாசலில் யாரும் மன்னரின் சௌக்கியம் விசாரிக்கவில்லை, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. தளபதி மேடையில் உட்கார்ந்து தங்கப் பலகையில் காலை நீட்டியிருந்தான். என்னைப் பார்த்தும் காலை எடுக்கவில்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள். மன்னரின் கட்டளையில் வந்தவன் நிற்பேனே தவிர உட்காரமாட்டேன் என்றேன். மாடும் ஆடுமாக மலைபோல் விருந்து வைத்தார்கள். அப்புறம் காவலர்கள் என் மேசையைக் கவிழ்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

சிங்கத்தை நேருக்கு நேர் சந்தித்த மாமன்னரின் பதில் என்ன தெரியுமா? தளபதியின் தலையைக் கொண்டுவா என்றா? இல்லை. அவன் என்னைப்போல் கம்பீரமாக உட்காராவிட்டால் எல்லையை எப்படிக் காப்பான்? நீங்கள் இருவரும் சமாதானமாகப் போங்கள். அத்தோடு சரி. ஐந்து மொழி, எல்லா வாத்தியம், ஈரல் சாஸ்திரம் எல்லாவற்றையும்விட, இந்த மனிதர் 48 வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதற்கு இந்தப் பதில்தான் எனக்கு நல்ல ஆதாரமாகப் படுகிறது. வாய் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நிதானம் தலைக்குள் இருந்திருக்கிறது.

கி.மு. 2047 வாக்கில் கடவுள் காலமானார். கடவுளைச் செத்தார் என்று எழுத முடியாதல்லவா? ஒரு கணக்குத் தகட்டில் ‘வானத்துக்கு ஏறினார்’ என்று குறிப்பு. எதற்காகக் குறித்தார்கள்? அதை முன்னிட்டு வேலைக்காரப் பெண்களுக்கு ஏழு நாள் வேலை இல்லை, அந்த ஏழு நாளைக் கழித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக. சக்கரவர்த்தியின் மரணம் வருகைப் பதிவேட்டில் ஒரு விடுமுறை. அவர் கட்டிய நிர்வாகம் அவரையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்து அமர்-சின், ஒன்பது வருஷம் ஆண்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பாபிலோனில் எழுதப்பட்ட ஒரு வரலாற்றில், இவர் மாடு முட்டிச் சாவார் என்று குறி சொன்னார்கள், ஆனால் செருப்புக் கடித்துச் செத்தார் என்று இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 324 கிலோமீட்டர் ஓடியவரின் வாரிசு செருப்புக் கடியில் போனார் என்பதை எழுதியவர், கையில் களிமண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது சிரித்திருப்பார். பாபிலோன்காரர்களுக்கு ஷுல்கி மேலும் கோபம்தான். தங்கள் எசகில கோயில் சொத்தைக் கொள்ளையடித்தார் என்று இன்னொரு வரலாற்றில் எழுதிவைத்தார்கள். அவர் காலத்தில் பாபிலோன் யாரும் பொருட்படுத்தாத சின்ன ஊர். பிற்பாடு பெரிய ஊரானதும் பழைய கணக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கி.மு. 2004 வாக்கில் ஈலாம்காரர்கள் வந்து உர் நகரத்தை அடித்து நொறுக்கி, கடைசி அரசன் இப்பி-சின்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மதில் காக்கவில்லை, ரசீதுகள் காக்கவில்லை. ஆனால் மாமன்னர் ஒரு முன்யோசனை செய்திருந்தார். உர் நகரிலும் நிப்பூரிலும் எழுத்துத் தேவதை நிசபாவின் பெயரில் கல்விக்கூடம் வைத்து, என் பாடல்கள் அங்கே மறக்கப்படக் கூடாது, எழுதுகிறவன் எழுதவேண்டும், பாடுகிறவன் பாடவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். சாம்ராஜ்யம் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் கடந்தபிறகும், கி.மு. 18-ம் நூற்றாண்டில், நிப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் சுமேரியம் படித்தார்கள். வீட்டில் யாரும் பேசாத மொழி. தொடக்கக் குறிகளைத் தாண்டியதும் பத்துப் பாடநூல்கள் வரிசையாக உண்டு. அதில் முதல் பாடம் ஓட்டப் பாட்டு. இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் எழுதிய பிரதிகள்தான். தங்கச் சிலைகள் உருகிப் போயின, வீட்டுப்பாடம் நின்றது. ராஜாக்கள் யாராவது இதைப் படித்தால், சிலைக்குச் செலவழிக்காமல் பாடத்திட்டக் குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிமுர்ரும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உர் விழுந்த பிறகும் அது இருந்தது. இத்தி-சின் என்ற அரசன் அங்கே ஆண்டான், சுற்றுப்பட்ட ஊர்களை ஜெயித்தான், மலைப் பாறைகளில் தன் வெற்றியைச் செதுக்கினான். ஒன்பது முறை அழிக்கப்பட்ட ஊரின் அந்த ராஜா, தன் பெயருக்கு முன்னால் மறக்காமல் நட்சத்திரமும் போட்டுக்கொண்டான். பித்வாத்தா என்ற இடத்திலிருந்து வந்த அவன் கல்வெட்டு ஒன்று இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.